வீட்டுத் தோட்டம்: முருங்கையும் தவசிக்கீரையும்

வீட்டைச் சுற்றிச் சிறிதளவே நிலம் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கீரைக்கென்று ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது, முருங்கை வைப்பதா, தவசிக்கீரை வைப்பதா?" என்பதே அது. முன்னாளில் இக்கேள்வி எழுவதற்கு இடமே இல்லை. முருங்கை நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்தே கொல்லையில் நிற்பது. தவசிக்கீரையோ பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாதது. இப்பொழுது நாற்றுப் பண்ணைகளில் அதன் கன்றும் கிடைக்கிறது. கேரளத்திலோ மலேசியாவிலோ உள்ள உறவினர் வீட்டிலிருந்து குச்சி ஒடித்து வந்து நட்டவர்களும் உள்ளனர். ஆகவே இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என எண்ணினோம். நோக்கப் புகுந்த பின், சத்துக் கணக்கைவிட முதன்மையான ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டியதாயிற்று. அது சற்றுப் பின்னே வருகிறது. பொறுமையற்றவர்கள் நடுவிலிருந்து படித்தாலும் நாம் குறை கூறமாட்டோம்.

முருங்கையை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வட இந்தியாவில் இமயமலையின் அடிவாரப் பகுதியே அதன் பிறப்பிடம் எனத் தாவரவியலார் கூறுவர். ஆயினும் அதனைத் தன் சொந்த மரமாகவே தென்னாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, பால் முருங்கை, செம்முருங்கை என்று நம்மவர் இட்ட பெயர்களே அந்த உரிமைக்குச் சான்று. இலை, பூ, காய் ஆகிய மூன்றும் உலைக்கு வரும்.

தவசிக்கீரை தென்கிழக்காசியாவில் பெருவழக்கானது. மலாய் மொழியில் அதற்குச் 'சேக்கூர் மானிஸ்' என்று பெயர். 'மானிஸ்' என்றால் இனிப்பு. இந்தோனேசியாவில் 'காத்தூக்' என்பர். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வேண்டுமென்று அங்கே அதனைச் சமைத்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். கேரளத்தில் 'மதுரச்சீரை' எனப்படுகிறது. இந்நாட்டில் சிலர் 'வைட்டமின் கீரை' என்றே அழைக்கின்றனர். கீழாநெல்லியைக் கண்டவர்கள் இதனை எளிதில் அடையாளம் காணலாம். கீழாநெல்லியைப் பன்மடங்கு பெரிதாக்கி, ஆள் உயரத்திற்கு நிறுத்தியது போல் இருக்கும். இரண்டும், நம் நெல்லி மரமும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையின் அடியில் சிறு செந்நிறப் பூக்கள் தொங்கும்; பின்னர் வெண்ணிறக் காய் பிடிக்கும். இலையை வேகவைத்தால் பச்சைப் பட்டாணியை ஒத்த இனிய சுவை. கீரை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளும் இதனை மறுப்பதில்லை என்பது உண்மை. முருங்கைக் கீரையின் இலேசான கசப்பு இதில் இல்லை.

இனிச் சத்துக்கு வருவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முன்பு வெளியிட்ட உணவு அட்டவணையில் இவ்விரண்டும் இடம் பெற்றுள்ளன. நூறு கிராம் பச்சை இலையில், முருங்கைக்குப் புரதம் 6.7 கிராம், தவசிக்கீரைக்கு 6.8 கிராம். சுண்ணாம்புச்சத்து முருங்கையில் 440 மில்லிகிராம், மற்றதில் 570. வைட்டமின் 'சி' முறையே 220, 247 மில்லிகிராம். கண்ணுக்கு உயிரான வைட்டமின் 'ஏ'யை உடலுக்குத் தரும் கரோட்டின் முருங்கையில் 6,780 மைக்ரோகிராம், தவசிக்கீரையில் 5,706. இரும்புச்சத்தின் கணக்கு பதிப்புக்குப் பதிப்பு மிகவும் மாறியுள்ளமையால், அதனைக் கொண்டு யாரும் வாதிட வேண்டாம். மொத்தத்தில், ஒன்று மற்றொன்றை வென்றுவிட்டது என்று சொல்ல வழியில்லை. 'வைட்டமின் கீரை' என்ற பட்டம் தவசிக்கீரைக்குப் பொருந்துமாயின் முருங்கைக்கும் பொருந்தும். நம் கொல்லையில் எளிதாய்க் கிடைப்பதால் அதற்கு அப்பட்டத்தை யாரும் சூட்டவில்லை, அவ்வளவே.

ஒன்றை மட்டும் இங்கு வற்புறுத்துவோம். கண்பார்வைக் குறையைத் தடுப்பதற்கென 1970-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' திரவம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அக்குறை முளைவிடும் இடம் சமையலறையே. கீரையிலுள்ள கரோட்டின் சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தாலன்றி உடலில் நன்கு ஒட்டாது. ஆகையால் வெறும் நீரில் அவித்துப் பிழிந்து வைக்கும் கீரை, இலையில் இருந்தும் பயன் குறைந்ததாகிவிடுகிறது. தாளிதம் வெறும் மணத்திற்காக அன்று என்பதைத் தாய்மார் மனத்திற் கொள்க. இது இரு கீரைகளுக்கும் பொது.

சத்தில் ஏறக்குறைய சமம் என்றால் எதைக் கொண்டு முடிவு செய்வது? நிலத்தைக் கொண்டு. முருங்கைக்கு வெயில் வேண்டும். நீர் தேங்கக் கூடாது. வறண்ட மணற்பாங்கான நிலத்திலும், பிறவற்றைப் பிழைக்க விடாத செம்மண் மேட்டிலும் அது களிப்போடு வளரும். தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி மாவட்டங்களின் காய்ந்த பகுதிகள் முருங்கைக்குப் பேர் பெற்றிருப்பது தற்செயலன்று. ஆனால் வேரடியில் சில நாள் நீர் நின்றால் வேர் அழுகி மரம் சாய்ந்துவிடும். பூக்கும் பருவத்தில் மழை வலுத்தால் பூக்கள் கொட்டிக் காய் பிடிக்காது. இலை மட்டும் மிஞ்சும்.

தவசிக்கீரையின் இயல்பு இதற்கு நேர்மாறு. அது காட்டு மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியது. சுவரோர நிழலும், தென்னையடியும், வாழைப்பாத்தியின் ஓரமும் அதற்கு உகந்தவை. ஈரம் வேண்டும், சுட்டெரிக்கும் கோடையில் நீர் கிடைக்காவிடில் இலை சிறுத்து உதிரும். குமரி மாவட்டத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களிலும், கேரளத்திலும் அது தானாகச் செழிப்பதையும், இராமநாதபுரம் போன்ற வறண்ட சீமையில் தினமும் குடம் சுமந்து ஊற்ற வேண்டியிருப்பதையும் காணலாம். ஆகவே, வெயில் காயும் முற்றம் உள்ளவர் முருங்கையையும், நிழலும் ஈரமும் உள்ள கொல்லை உடையவர் தவசிக்கீரையையும் நாடுவதே முறை. அண்டை வீட்டில் செழித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் வேண்டா. அண்டை வீட்டின் நிழல் நம் வீட்டில் விழுவதில்லை.

நடும் முறையைச் சுருங்கச் சொல்வோம். மரமுருங்கையைக் கொம்பு வெட்டி நடுவது பழைய வழக்கம். விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கையில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம்.1 என்னும் இரகம் எங்கும் பரவியுள்ளது. விதைத்த ஆறாம் மாதத்தில் அது காய்ப்புக்கு வரும். முழங்காலுக்குச் சற்று மேலே வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒற்றைக் கம்பாய் வானுக்கு ஏறும், கிள்ளினால் பக்கக் கிளை விட்டு நம் கைக்கு எட்டும். காய்ப்பு ஓய்ந்ததும் ஆண்டுதோறும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்து, நான்கைந்து மாதத்தில் காய்க்கும். கீரைக்காகவே வளர்ப்பவர்கள் மார்பளவுக்கு மேல் அதனை வளர விடலாகாது.

இந்த உயரக் கட்டுப்பாட்டை நாம் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முருங்கை மரம் பருப்பது வேகமாக, வலுப்பது இல்லை. 'முருங்கை பருத்தால் தூணாகுமா?' என்று கேட்டவர்கள் அதன் கட்டையை அறிந்தே கேட்டனர். காய் பறிக்கக் கிளை மேல் ஏறிய சிறுவர்கள், கிளை முறிந்து விழுந்து கையொடிந்து நிற்பது ஊர்தோறும் நடப்பது. வீட்டின் முன் முருங்கை ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவோர் உள்ளனர். காற்றில் முறிந்து வாசலில் விழும் கிளையையும், மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக் கிடந்து பின் திண்ணைக்கு ஊர்ந்துவரும் கம்பளிப்புழுக்களையும் பார்த்தவர்கள் அப்படித் தள்ளமாட்டார்கள். புழுக்கள் பகலில் அடிமரத்தில் கூட்டமாய்த் தங்கியிருக்கும்போதே சோப்பு கரைத்த நீரை அவற்றின் மேல் நன்கு தெளித்தால் பெரும்பகுதி மடியும். தீப்பந்தம் காட்டுவது பழைய முறை. அதில் மரப்பட்டையும் கருகிவிடுகிறது. எம்முறையாயினும் பிள்ளைகளை அருகே விடலாகாது; புழுவின் மயிர் பட்ட இடம் தடித்து அரிக்கும்.

தவசிக்கீரைக்கு இத்தொல்லைகள் இல்லை. விரற்பருமனுள்ள, முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். தொழு உரமும் ஈரமும் போதும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் முதற்பறிப்பு. பறிக்கப் பறிக்கத் தழைக்கும். இடுப்பளவில் கத்தரித்து வேலியாகவும் நிறுத்தலாம். பூச்சி வருவது அரிது. இலை உருவுவதும் எளிது. கொத்தின் நுனியைப் பற்றி விரல்களுக்கிடையே இழுத்தால் இலை கையில், காம்பு தரையில். முருங்கைக் கீரையை ஆய்வதற்கோ ஒரு மாலைப்பொழுது வேண்டும். ஈரத்துணியில் சுற்றி இரவு முழுதும் வைத்தால் காலையில் இலைகள் தாமாக உதிரும் என்பதை அறிந்த பாட்டிமார் இருந்தால் அது வேறு.

இவ்வளவும் கேட்டபின், தவசிக்கீரையே மேல் என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். இங்கேதான் நாம் முன்சொன்ன எச்சரிக்கை வருகிறது.

1994, 1995 ஆகிய ஆண்டுகளில் தைவான் நாட்டில், உடல் மெலிவதற்கு இக்கீரையின் சாறு சிறந்தது என்ற பேச்சு பரவியது. பச்சை இலையை அரைத்து, கொய்யாச் சாறு அல்லது அன்னாசிச் சாற்றோடு கலந்து, பெருமளவில், நாள்தோறும், வாரக்கணக்கில் பலர் பருகினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சிறிது காலத்தில் இருமலும் மூச்சிரைப்பும் தொடங்கின. மருத்துவமனைகளுக்கு வந்தோர் நூற்றுக்கு மேற்பட்டனர். நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். இந்நோயின் கொடுமை யாதெனில், கீரையை நிறுத்திய பின்னும் மூச்சு பழைய நிலைக்குத் திரும்பவில்லை, மருந்துகளும் கைகொடுக்கவில்லை. சிலர் உயிரிழந்தனர். சிலருக்கு நுரையீரலையே மாற்றிப் பொருத்த வேண்டியதாயிற்று. மாடிப்படி ஏறவும் இயலாதவராய் மிஞ்சிய வாழ்நாளைக் கழித்தோரும் உண்டு. உடல் இளைக்க வேண்டுமென்று தொடங்கியவர்கள் அடைந்த முடிவு இது.

ஜப்பானிலும் இக்கீரையைப் பொடியாக்கி விற்றனர்; அதனை உண்டவர்களுக்கு இதே நோய் கண்டது. 2003-இல் அந்நாட்டு அரசு இதன் பொடியையும் மாத்திரையையும் விற்கத் தடை விதித்தது. காய வைத்துப் பொடித்தால் தீங்கு நீங்கிவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க. இலையிலுள்ள எப்பொருள் இத்தீங்கைச் செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் இன்னும் ஐயந்திரிபற நிலைநாட்டவில்லை.

அப்படியாயின் மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் தலைமுறை தலைமுறையாக இதனை உண்டவர்கள் எவ்வாறு நலமாய் இருந்தனர்? அவர்கள் இதனைக் கறியாகச் சமைத்து உண்டனர், மருந்தாகக் குடிக்கவில்லை. குழம்பில் ஒரு பிடி, முட்டையோடு ஒரு பிடி, தேங்காய்ப்பாலில் ஒரு பிடி. ஒரு குடும்பத்தின் சட்டியில் வேகும் கீரைக்கும், ஒருவர் தனியே நாள்தோறும் குடிக்கும் குவளைச் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஆகையால் நம் தீர்ப்பு இது: தவசிக்கீரையை வளர்க்கலாம், நன்கு வேகவைத்து உண்ணலாம், வாரத்திற்கு ஒரு முறை அல்லது இரு முறை, மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றி. பச்சையாக வேண்டா. சாறு வேண்டா. பொடி வேண்டா. இலையை வெறும் வாயில் மெல்லலாம், சுவையாயிருக்கும் என்று சொல்லிக் கன்று விற்பவர்களும் உள்ளனர். அச்சொல்லைக் கன்றோடு சேர்த்து வாங்கி வர வேண்டா. ஏற்கெனவே இதன் பச்சைச் சாற்றைப் பருகி வருவோர் இன்றே நிறுத்துக. இருமலோ மூச்சிரைப்போ இருப்பின் மருத்துவரிடம் சென்று, இக்கீரையைப் பருகிய செய்தியையும் மறவாமல் சொல்லுக. கேட்காமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

இதனோடு ஒட்டிய மற்றொரு சிக்கல் பெயரைப் பற்றியது. நம் நாட்டு மருத்துவத்தில் 'தவசு முருங்கை' என்று ஒரு சிறு செடி உண்டு. 'தவசி முருங்கை' என்றும் சொல்வர். முருங்கைக்கும் அதற்கும் உறவில்லை. தவசிக்கீரைக்கும் அதற்கும் உறவில்லை. ஆடாதோடையின் இனத்தைச் சேர்ந்தது அது. சளிக்கும் இருமலுக்கும் அதன் இலைச்சாற்றைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது கிராமங்களில் வழக்கம். தவசிக்கீரையையும் சிலர் 'தவசி முருங்கை' என்றே அழைத்து வருகின்றனர். விளைவை எண்ணிப் பாருங்கள். இருமும் குழந்தைக்குப் பாட்டி 'தவசு முருங்கைச் சாறு' என்று சொல்ல, மருமகள் கொல்லையிலுள்ள தவசிக்கீரையைப் பறித்துப் பிழிந்து கொடுத்தால், மூச்சுக்குழலைக் கெடுக்க வல்ல இலையையே மூச்சுக்குழல் நோய்க்கு மருந்தாகக் கொடுத்ததாகும். ஆதலால் செடியை வாங்கும்போது பெயரை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். தவசிக்கீரை ஆளுயரம் வளரும் குறுமரம்; இலைகள் கிளையின் இருபுறமும் வரிசையாக, கீழாநெல்லி போல் அடுக்கியிருக்கும்; பூ இலைக்கடியில் தொங்கும். இவ்வடையாளங்களைக் கொண்டே தெளிக. இரண்டு செடியும் ஒரே வீட்டில் இருக்குமாயின் தள்ளித் தள்ளி வைப்பது நன்று.

முருங்கையிலும் விலக்க வேண்டியது ஒன்றுண்டு. அதன் வேரையும் வேர்ப்பட்டையையும் உணவில் சேர்த்தல் தகாது. அவற்றில் நஞ்சுடைய பொருள் உள்ளது. இலைக்கு அக்குறை இல்லை. துவட்டலாகவும், முட்டையோடும், கேழ்வரகு அடையிலும் நாம் உண்டு வருவது நெடுங்காலச் சோதனையில் தேறியது. யாழ்ப்பாணத்தார் நண்டுக் குழம்பை இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலையைத் தூவுவர்; அவ்வொரு பிடிக்காகவே முருங்கை வளர்க்கலாம் என்று நாம் சொன்னால் மிகையாகாது.

இனி, இரண்டுக்கும் இடமுள்ளவர்களுக்கு ஒரு சொல். முருங்கையை மேட்டில், வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கிளை முறிந்தாலும் ஓட்டின் மேல் விழாத இடத்தில் வைக்கவும். தவசிக்கீரையை அதன் அடியிலேயே நட்டுவிடாதீர்கள். இதற்கு ஊற்றும் நீர் அதன் வேரைக் கெடுக்கும். கிணற்றடியில், அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் ஓடும் வாய்க்காலை ஒட்டி, இரண்டடி இடைவெளியில் நான்கு குச்சிகள் ஊன்றினால் ஒரு குடும்பத்திற்குப் போதும். சோப்பு நீர் ஓடும் வாய்க்கால் வேண்டா. பறித்த தவசிக்கீரையைக் கழுவி, நறுக்காமலே, பாசிப்பருப்பு பாதி வெந்ததும் சேர்த்து, இலை நன்றாகக் குழையும் வரை மூடி வேகவிட்டு, கடைசியில் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்ததைக் கூட்டி, ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் சின்ன வெங்காயமும் தாளித்து இறக்குக. அரை வேக்காட்டில் இறக்கினால் பச்சை நிறம் அழகாயிருக்கும் என்று சமையற் குறிப்புகளில் எழுதுவார்கள்; இக்கீரைக்கு அந்த அழகு வேண்டா.